எங்கள் கையில் கொடுத்து உடைத்துப் பார்த்தவர்

அந்தோணி சார் இறந்த செய்திக்குச் சிரிப்புப் பொம்மை போட்டவன் நான்தான். கணினித் துறையின் பெற்றோர் குழுவில் இருக்கும் எல்லோரும் போனில் பார்த்தீர்கள். அதற்கு விளக்கம் சொல்லாமல் அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

என் மகள் மீனாள் அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். திருடனுக்கு வழிவிடாத, பாதியில் படுத்துவிடாத மென்பொருளைச் செய்வது எப்படி என்பதுதான் படிப்பு. அதற்காகச் சார், எங்களிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கிக்கொண்டு, அவ்வப்போது பொய்ச் செய்தி அனுப்புவார். யார் யார் லிங்கைத் தொடுகிறோம் என்று பார்ப்பார்கள். இலவச குக்கர் என்றாலும் தொட்டேன், கரண்ட் கட் ஆகும் என்றாலும் தொட்டேன். அன்று குழுவில் தெரியாத எண்ணிலிருந்து, சார் காலமானார், விவரத்துக்கு லிங்க் என்று வந்தது. பொன்னமராவதியில் என் பெயிண்ட் கடையில் நின்றபடி, "இந்தத் தடவ விழ மாட்டேன் சார், வேற ஆளப் பாருங்க" என்று பெருமையாகப் பதில் எழுதி, சிரிப்புப் பொம்மையும் போட்டேன்.

மீனாள் போன் செய்தாள். "அப்பா, நெசந்தாம்ப்பா. காலையில நெஞ்சுவலி. மொதல்ல அத அழிங்க."

எப்படி அழிப்பது என்று அழுகிறவளிடமே கேட்க வேண்டியிருந்தது.

மாணவர்கள் எதைச் செய்தாலும் சார் அதைப் பெற்றோர் கையில் கொடுத்துப் பார்ப்பார். நோயாளிகளுக்கு மருந்து நேரம் சொல்லும் ஆப் ஒன்றை மீனாள் செய்திருந்தாள். வயது கேட்ட இடத்தில் நான், 'ஆடி வந்தா அம்பத்திரண்டு' என்று எழுதினேன். ஆப் அப்படியே நின்றுவிட்டது.

"நம்பர் மட்டும் போடணும்ப்பா" என்று மீனாள் தலையில் கைவைத்தாள்.

சாருக்கு ஒரே சந்தோஷம். "அண்ணே, இத ஒடைக்க டிபார்ட்மென்ட்டே மல்லுக்கட்டுச்சு. நீங்க வயசச் சொல்லியே முடிச்சுட்டீங்க."

அதே ஆப் ஆய்வுக் குழுவின் முன்னால் வேறொரு இடத்தில் நின்றுபோன அன்று, நான் சாப்பாட்டுக் கூடையோடு வெளியே இருந்தேன். மீனாள் அழுதுகொண்டே வந்தாள். "போதும் சார், நான் கூட்டிட்டுப் போயிர்றேன்" என்றேன்.

"இங்க ஒடஞ்சா நம்ம புள்ள மட்டும் அழுகும்ணே. ஆஸ்பத்திரியில ஒடஞ்சா எத்தன வீடு அழுகும்? இருங்க, அழுது முடிக்கட்டும்."

அவள் முடிக்கும்வரை அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு புளியோதரையில் பாதியை அவர்தான் தின்றார்.

சாரின் சொந்த ஊரான கட்டுமாவடியில் அடக்கம். அவருடைய தம்பிமார் அன்று மீன்பிடிக்கக் கடலுக்குப் போகவில்லை. துறைத்தலைவர் மீனாளிடம், வேறு வழிகாட்டி தருவோம், ஆனால் தலைப்பையே மாற்ற வேண்டி வரலாம் என்றார். இத்தனை வருட வேலையும் என்ன ஆகுமோ என்று அவருக்கும் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மீனாள் கேட்டாள்: "நா என்னப்பா செய்யட்டும்?"

எந்தச் சுவருக்கு எந்தப் பெயிண்ட் என்று கேட்டால் சொல்வேன். "மொதல்ல தண்ணியக் குடி" என்றேன்.

"குடிச்சுட்டேன்ப்பா."



பிள்ளை அழும்போது கையைப் பிடித்து இழுக்காமல் பக்கத்தில் இருப்பது, அதுதான் சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதையும் அரைகுறையாகத்தான் படித்திருக்கிறேன். புதுக்கோட்டையில் மீனாள் ஹாஸ்டலுக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியாக, "போயிட்டு வாரேன்ப்பா" என்றாள். தலையை ஆட்டினேன். வாய்வரை வந்ததை விழுங்கினேன்: 'எறங்கிரு ஆத்தா, வீட்டுக்குப் போயிருவோம்.'