இரண்டு விரல் இடைவெளி

பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கு ஒன்று, வெட்டிய முகம் கறுத்துச் சுருங்கி, ஒரு தகர மூடியில் கவிழ்ந்து கிடந்தது. அந்த வேனில் நான் முதன்முதலாக ஏறிய அன்று, முன் கண்ணாடிக்குக் கீழே அதைப் பார்த்தேன். யாரோ சமையல் கழிவை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எடுத்து ஜன்னல் வழியாக எறிந்துவிட்டேன். எதையும் கேட்டுவிட்டுச் செய்கிற பழக்கம் எனக்கு அந்த வயதில் இல்லை. வேன்காரர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இறங்கிப் போய் தேயிலைச் செடிகளுக்குள் குனிந்து தேடி, அதைக் கண்டுபிடித்து, சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே வந்தார். "மிஸி, இது என்ட கண்ணு" என்றார். கோபிக்கவில்லை. மறுபடியும் தகர மூடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் மருத்துவிச்சியாக இருந்தேன். நோயாளியை ஏற்றத் தோட்டத்தில் இருந்தது கொழுந்து ஏற்றும் லொறி மட்டும்தான். பிரசவ வலியோடு இருக்கிற பெண்ணைச் சாக்குகளுக்கு நடுவே கிடத்தி அனுப்ப எனக்கு மனம் வராது. அதனால் கடைத்தெருவில் வேன் வைத்திருந்த அவருக்குத்தான் ஆள் அனுப்புவேன். முஸ்லிம் மனிதர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்போம். ஆஸ்பத்திரி நர்ஸைக் கூப்பிடுவதுபோல் அவர் என்னை மிஸி என்பார். வேன் அவரைப் போலவே பழையது. சூடு காற்று வருகிற கருவி நான் பார்த்த காலத்திலிருந்தே வேலை செய்யவில்லை. ஆனால் எத்தனையோ பெண்களை அந்த வளைவுகள் வழியாக டிக்கோயா ஆஸ்பத்திரியில் பத்திரமாகச் சேர்த்திருக்கிறார். அதில் மூன்று குழந்தைகள் வேனுக்குள்ளேயே என் கையில் பிறந்தன. அப்போதெல்லாம் அவர் வண்டியை நிறுத்திவிட்டு, கீழே இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு மழையில் நிற்பார்.

எங்கள் ஊரில் ஆனி, ஆடி மாதங்களில் வண்டிக் கண்ணாடி வெளுத்துப்போவது சாதாரண சங்கதி. பனி வெளியிலிருந்து உள்ளே வருகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அதனால் ஜன்னலை இறுக்கி மூடுவோம். மூட மூடக் கண்ணாடி இன்னும் வெளுக்கும். நானா ஒருநாள் எனக்கு அதைக் காட்டினார். காலியாக இருந்த வேனில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. என்னை உள்ளே உட்காரவைத்து, ஜன்னல்களை ஏற்றிவிட்டு, "நூறு வரைக்கும் எண்ணுங்க மிஸி" என்றார். எழுபது எண்ணுவதற்குள் எனக்கு முன்னால் இருந்த தேயிலை மலை காணாமல் போயிருந்தது. "பனி வெளிய இருந்து வாறல்ல மிஸி. நம்மட மூச்சுதான். அது வெளிய போக வழி ஈக்கோணும்" என்றார். கண்ணாடி சீக்கிரம் வெளுக்காமல் இருக்க, காலையில் அந்த உருளைக்கிழங்கைப் புதிதாகச் சீவி உட்கண்ணாடி முழுக்கத் தேய்ப்பார். காய்ந்ததும் பழைய பத்திரிகையால் லேசாகத் துடைப்பார். அதன் பிறகு இரண்டே சட்டம். நோயாளியோடு இரண்டு பேருக்கு மேல் ஏறக்கூடாது. எவ்வளவு குளிரானாலும் இரண்டு பக்க ஜன்னலும் இரண்டு விரல் அளவு திறந்திருக்க வேண்டும்.

இந்த இரண்டு சட்டமும் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வழக்கத்துக்கு நேர் எதிர். எங்கள் சனங்கள் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போக மாட்டார்கள். ஒருத்திக்கு வலி கண்டால் தாய், மாமியார், அத்தை, பக்கத்துக் காம்பராக்காரி எல்லோரும் கிளம்புவார்கள். கூப்பிடாமல் விட்ட அத்தை ஏழு வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த கதை எங்கள் தோட்டத்தில் உண்டு. அதைவிடப் பெரிய விஷயம் காற்று. வலி கண்ட பெண் மேல் குளிர்காற்று பட்டால் ஜன்னி வந்து செத்துப்போவாள் என்பது அவர்களுக்குச் சாமி சத்தியம். ஒவ்வொரு பயணமும் வண்டிக்கதவில் ஒரு சண்டையோடுதான் தொடங்கும். அந்தச் சண்டையை நடத்துவது என் வேலை. வாயாடி மிஸி என்று எனக்குப் பெயர். அத்தைமாரை இறக்கிவிடுவதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

அன்றைக்கு மட்டும் நான் சண்டை பிடிக்கவில்லை. பிற்பகல் மூன்று மணி இருக்கும். காலையிலிருந்து விடாத மழை. பத்தொன்பது வயதுப் பெண், தலைப்பிள்ளை. பனிக்குடம் உடைந்துவிட்டது, பிள்ளை குறுக்காகக் கிடந்தது. என் கையால் ஆகிற காரியம் இல்லை. சீக்கிரமாக ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றைத் திறந்து எடுத்தால்தான் பிள்ளை பிழைக்கும் என்று தெரிந்துவிட்டது. வேன் வந்து நின்றதும் கொழுந்து பறித்த மலையிலிருந்து அப்படியே வந்த ஆறு பேர் ஏறிக்கொண்டார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை, தலையில் ஈரக் கம்பளி. இறங்கச் சொல்லி வாதாட எனக்கு நேரம் இல்லை, அல்லது இல்லை என்று நினைத்தேன். நானா திரும்பிப் பார்த்தார். "போகலாம் நானா" என்றேன்.

கால் மைல் போவதற்குள் மாமியார்க்காரி ஆரம்பித்துவிட்டாள். மருமகளின் தலை அவள் மடியில்தான் இருந்தது. "ஜன்னல மூடச் சொல்லுங்க மிஸியம்மா. காத்து நேரா புள்ள மேல அடிக்குது. ஜன்னி வந்துச்சுன்னா நீங்களா பதில் சொல்லுவீங்க?" என்றாள். நானா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "மூடினா எனக்கு ரோடு தெரியாதும்மா" என்றார். அவள் அழத் தொடங்கினாள். பெண்ணின் தாயும் சேர்ந்துகொண்டாள். அந்தப் பெண் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழுகைச் சத்தம் என் தலைக்குள் ஏறியது. காற்றால் ஜன்னி வராது என்று படித்தவள் நான். கண்ணாடி ஏன் வெளுக்கிறது என்று எழுபது வரை எண்ணிப் பார்த்தவளும் நான்தான். அப்படியிருந்தும், அந்த அழுகை நின்றால் போதும் என்று இருந்தது. "நானா, கொஞ்ச நேரம் மூடுங்க. கீழ் ரோட்டுக்கு எறங்குனதும் தொறந்துக்கலாம்" என்றேன். அவர் மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலை ஏற்றினார். மிஸி சொன்னால் காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

ஒன்பது பேர் மூச்சையும் அந்த ஈரக் கம்பளிகளையும் எந்தக் கிழங்கும் தாங்காது. ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறுகையால் துணியைப் போட்டுத் துடைத்தார். துடைத்த இடம் துடைத்த உடனே வெளுத்தது. மூன்றாவது வளைவில் எதிரே ஒரு பஸ்ஸின் வெளிச்சம் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது, ரோட்டின் ஓரம் தெரியவில்லை. ஒதுக்கினார். இடது பக்கச் சக்கரங்கள் இரண்டும் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கின. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பஸ் நிற்காமல் போய்விட்டது. ஆறு பேரும் இறங்கித் தள்ளினார்கள். நானா சேற்றில் படுத்துச் சக்கரத்துக்குக் கீழே கல்லைத் திணித்தார். வேறொரு வண்டி வந்து எங்களை ஏற்றிக்கொள்ள ஐம்பது நிமிடம் ஆனது. அந்த ஐம்பது நிமிடத்தில் நான் பிள்ளையின் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசிப் பத்து நிமிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. பெண்ணை ஆஸ்பத்திரியில் காப்பாற்றிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் கூட்டம் போட்டார்கள். நானாவையும் வரச் சொல்லியிருந்தார்கள், வந்தார். மாமியார்க்காரி, வண்டி ஓட்டத் தெரியாதவன் என் பேரப்பிள்ளையைக் கொன்றுவிட்டான் என்று மண்ணை வாரித் தூற்றினாள். பின்னாலிருந்து யாரோ, "குடிச்சிருப்பாரு" என்றார்கள். வாழ்நாளில் அதைத் தொட்டிராத மனிதர். தோட்டத் தலைவர் என்னிடம் திரும்பி, "மிஸியம்மா, நீங்க உள்ளதானே இருந்தீங்க. என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானாவும் பார்த்தார். "பனி ரொம்பங்க. ரோடு தெரியல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒரு சொல்லும் பொய் இல்லை. மூடச் சொன்னது நான் என்கிற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயமா, மரியாதை போய்விடுமோ என்ற பயமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நானா காத்திருந்தார். நான் அதற்கு மேல் பேச மாட்டேன் என்று தெரிந்ததும், "என்ட தவறுதான். மன்னிச்சிக்கோங்க" என்று தலைவரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதன் பிறகு எந்தத் தோட்டத்திலும் அவரைக் கூப்பிடவில்லை. குடிகார டிரைவர் என்ற பெயர் மலைக்கு மலை ஏறிவிட்டது. வேனை விற்றுவிட்டு மருமகனின் மரக்கறிக் கடையில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்தார். சந்தைக்குப் போகிற நாளெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போவேன். அவர் உருளைக்கிழங்கை ஒவ்வொன்றாகப் பார்த்து நல்லதாகப் பொறுக்கிப் போடுவார். "புள்ளைகள் சொகமா மிஸி?" என்பார். நான் பையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். பத்து வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. அவருடைய மௌத்துச் செய்தி கேட்டு வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களப் பத்தி நல்லாச் செல்லுவார்" என்றார். அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை. கோழை என்று என்னை யாரும் திட்டியதில்லை. அந்தக் குறையை நானே தினமும் தீர்த்துக்கொள்கிறேன்.

போன ஆடி மாதம், மாதக் கிளினிக்குக்காக டிக்கோயா பஸ்ஸுக்கு மழையில் நின்றபோது ஒரு கார் வந்து நின்றது. பின் சீட்டில், அன்று வேனில் பிள்ளையை இழந்த அந்தப் பெண். இப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு வந்தவள், டிக்கோயா வழியாக ஹட்டனுக்குப் போக வாடகைக்குக் கார் பிடித்திருந்தாள். "ஏறுங்க மிஸியம்மா" என்றாள். ஏறினேன். பழைய கதை ஒன்றும் பேசவில்லை. அந்த மூன்றாவது வளைவு வரும்போது முன் கண்ணாடி வெளுத்தது. ஓட்டுகிறவர் ஒரு பொத்தானை அழுத்தினார். கீழிருந்து மேலாகக் கண்ணாடி தெளிந்து, ரோடும் கானும் தேயிலையும் அதனதன் இடத்துக்கு வந்தன. பத்து எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போதுதான் சொன்னேன், அவளைப் பார்க்காமல், தெளிந்த கண்ணாடியைப் பார்த்தே சொன்னேன். "அன்னைக்கு ஜன்னல மூடச் சொன்னது நான்தான். மூடக் கூடாதுன்னு நானாவுக்குத் தெரியும். நான் சொன்னதாலதான் மூடுனாரு."

"எனக்குத் தெரியும் மிஸியம்மா" என்றாள். "வலியில கெடந்தாலும் காது கேக்குந்தானே. அந்த மாமியார் வீட்டுல இருந்துகிட்டு நான் எப்படிச் சொல்லுறது? நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அந்த நானாவும் அப்பிடித்தான் பாத்துக்கிட்டு இருந்திருப்பாங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். என்ன செய்வதென்று தெரியாமல் என் பக்கத்து ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கினேன். சாரலோடு குளிர்காற்று உள்ளே வந்தது. "மூடிடுங்கம்மா, ஏசி போட்டிருக்கேன்" என்றார் ஓட்டுகிறவர். என் கை பொத்தானுக்குப் போனது.

"இருக்கட்டும் தம்பி" என்றாள் அவள். "தொறந்தே இருக்கட்டும்."

காற்று நேராக அவள் முகத்தில் அடித்தது. அவள் சால்வையை இழுத்துக்கொள்ளவில்லை. முன்னால், நானாவின் தகர மூடி இருந்த அதே இடத்தில், ஒரு கைபேசி டிக்கோயாவுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தது.