கருமாதிப் பத்திரிகையில் இல்லாத பெயர்

என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்தான் இதை ஆரம்பித்து வைத்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா காபியை ஆற்றிக்கொண்டே, "உங்க தாத்தாவோட அப்பா பேரு என்னாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஐம்பத்தாறு வயது ஆள், கொள்ளுத்தாத்தா பெயர் தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். மானம் போய்விட்டது. அதுதான் பெரிய அவமானம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

எனக்கு எதுவும் உடனே ஆகவேண்டும். மறுநாளே வம்சாவளி தேடக் கிளம்பிவிட்டேன். சிலர் இதற்குப் பட்டா, பத்திரம் என்று அலைவார்கள். அதைவிடச் சுலபமான வழி எங்கள் வீடுகளில் பரண்மேல் கிடக்கிறது. கல்யாணமோ, காதுகுத்தோ, கருமாதியோ, பத்திரிகையின் அடியில் சொந்தபந்தத்தை எல்லாம் வரிசையாக அச்சடித்துவிடுவோம். ஒரு பெயர் விட்டுப்போனால் போதும், பத்து வருஷத்துக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் சித்தப்பா ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடத் தூக்கிப்போடாதவர். அவர் வீட்டிலிருந்து ஒரு மஞ்சப்பை நிறைய பழைய பத்திரிகைகளை வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லாவற்றையும் பரப்பினோம். நான் படிக்க, மகள் சார்ட் பேப்பரில் எழுதினாள். ஒரு மணி நேரத்தில் கொள்ளுத்தாத்தாவின் பெயர் கிடைத்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, நம்ம வம்சம் எவ்ளோ பெருசுன்னு" என்று பீற்றிக்கொண்டேன்.

அவள் இரண்டு பத்திரிகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "அப்பா, இது உங்க கல்யாணப் பத்திரிகை. இதுல அன்புத் தங்கைன்னு ஒரு பேரு இருக்கு. இது தாத்தாவோட கருமாதிப் பத்திரிகை. இதுல அந்தப் பேரைக் காணோம். அவங்க அதுக்குள்ள செத்துட்டாங்களா?"

"எழுதற வேலைய மட்டும் பாரு" என்று எரிந்து விழுந்தேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. என் மனைவிக்கு எல்லாம் தெரியும்.

தங்கை சாகவில்லை. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனாள், அவ்வளவுதான். அந்த வாரமே அப்பா குழாயடியில் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். மகளைத் தலைமுழுகிவிட்டாராம். அடுத்து என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். அப்போது என் மகள் கைக்குழந்தை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

"கருமாதிப் பத்திரிகைக்கு யாரு எழுதிக் குடுத்தது?" என்று மகள் விடாமல் கேட்டாள்.

நான்தான் எழுதிக் கொடுத்தேன். அப்பாதான் போய்ச் சேர்ந்துவிட்டாரே, என்னைக் கட்டாயப்படுத்த யார் இருந்தார்கள்? அச்சகக்காரர் பேனாவை வைத்துக்கொண்டு, "மக யாரும் இல்லீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றேன். அதற்கு இரண்டு நாள் முன்னால், அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, தங்கை எதிர்வீட்டு வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுததைப் பார்த்திருந்தேன். பார்த்துவிட்டு, பாடைக்கு மூங்கில் வந்துவிட்டதா என்று யாரிடமோ விசாரிக்கப் போய்விட்டேன்.

அவள் தூர தேசத்திலும் இல்லை. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே டீக்கடை வைத்திருக்கிறாள். நான் பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவன். அவள் கடை இடது கைப்பக்கம், மலை வலது கைப்பக்கம். கடை வரும்போது முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு கைகூப்பியபடி நடப்பேன். கூட வருகிற நண்பர், "உங்க பக்தி யாருக்கும் வராதுங்க" என்பார். இருபது வருஷமாக அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன். நான் எல்லாம் ஒரு மனுஷன்.

மகளிடம் அத்தனையும் சொல்லி முடித்தேன். அவள் சத்தம் போடவில்லை. சார்ட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, அத்தையின் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே கோடு இழுத்து நிறுத்தினாள். "அவங்க பசங்க பேரு என்னாப்பா?"

எனக்கு அதுவும் தெரியவில்லை. கொள்ளுத்தாத்தாவைத் தேடிக் கண்டுபிடித்தவனுக்குத் தங்கை பிள்ளைகளின் பெயர் தெரியவில்லை.

"போய்க் கேட்டுகினு வாங்க. என் கல்யாணத்துக்கு அவங்க வரணும்."

செவ்வாய்க்கிழமை காலையில் நோட்டும் பேனாவுமாக வண்டியில் போனேன். கடையில் கூட்டம் இல்லை. தங்கைக்கு முன்நெற்றி நரைத்திருந்தது. என்னைப் பார்த்தாள். கையிலிருந்த வடிகட்டி ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு, "உக்காருங்க" என்றாள். என்னை எந்நாளும் 'ண்ணா, வா, போ' என்று கூப்பிட்டவள்.

மன்னிச்சிடும்மா என்று சொல்லத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். வாயில் வந்தது வேறு. "பசங்க பேரு எழுதணும்" என்றேன்.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். எங்கள் அம்மாவின் தாடை. காதில் சின்னக் கம்மல். தாய்மாமன் நான் இருக்க, யார் மடியில் உட்கார வைத்து அந்தக் காதைக் குத்தினார்களோ.

"யாரும்மா இவரு?"

தங்கை என் நோட்டைப் பார்த்தாள். "கணக்கெடுக்க வந்திருக்காரு. கேக்கறத சொல்லி அனுப்பு" என்று சொல்லிவிட்டு, பால் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் உன் மாமன்டா கண்ணு என்று அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். நோட்டைத் திறந்தேன். அந்தப் பெண் எதிரே உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். தன் பெயர், தம்பி பெயர், தம்பி படிக்கும் காலேஜ், அப்பா பெயர். எல்லாவற்றையும் எழுதினேன். அதோடு எழுந்திருக்க வேண்டியதுதானே. எந்த ஆசையில் கேட்டேனோ தெரியவில்லை, "அம்மாகூடப் பொறந்தவங்க?" என்றும் கேட்டுவிட்டேன்.

"யாரும் இல்லீங்க சார். எங்கம்மா ஒண்டிதான்."

ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னாள். அச்சகத்தில் நானும் அப்படித்தான் சொன்னேன். அடுப்படியில் தங்கை திரும்பிப் பார்க்கவில்லை. டீ கிளாஸைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். சர்க்கரை கம்மியாக இருந்தது, நான் குடிக்கிற அளவுக்கு.

"எழுதிக்கிட்டீங்களா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"எழுதிட்டேம்மா" என்றேன்.