அக்காவின் களாச்செடி வாசலிலேயே நிற்கும்

எங்கள் அக்கா அஸ்தினாபுரத்தில், நீங்கள் இப்போது அமர்ந்திருக்கும் இதே மனையில்தான் பிறந்தார். எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா காலமானார். அக்கா தன் படிப்பை நிறுத்திவிட்டு, மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தார். உறவினர்களாகிய நீங்கள் இதையெல்லாம் அறிவீர்கள். அறிந்தும், நீங்கள் அதிகம் பேசியது அவர் வாசலில் வைத்த களாச்செடியைப் பற்றித்தான்.

வாசலில் முள் ஆகாது என்றீர்கள். அக்காவுக்குக் கல்யாணம் தட்டிப்போனதே அதனால்தான் என்றும் சொன்னீர்கள். செடியை வைத்தபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு! அதன் வெள்ளைப் பூவுக்கு வண்ணத்துப்பூச்சிகள் வந்தன, கறுத்த பழத்துக்குக் கொண்டைக்குருவிகள் வந்தன. "முள்ளு இருக்கறதாலதான்டா பூனை ஏறாது. குருவி தைரியமா கூடு கட்டுது" என்பார் அக்கா.

புற்றுநோய் வந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நானும் உங்கள் பேச்சைக் கேட்டேன். செடி போனால் அக்கா பிழைப்பார் என்று நம்பி, ஆள் வைத்து வெட்டினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. வீடு திரும்பிய அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "வேரு இருக்குல்ல? தண்ணி ஊத்து" என்றார். ஊற்றினேன். அதன்பின் அவர் இருந்த மூன்று ஆண்டுகளில் செடி என் தோளைத் தாண்டி வளர்ந்தது.

அக்கா இறந்த அன்று காலை, பந்தல்காரர் அரிவாளோடு வந்து நின்றார். "குறுக்கால முள்ளு கீது சார். வெட்டிட்டா ரெண்டு நிமிஷத்துல போட்டுடலாம்."

பெரியவர்கள் தலையாட்டினீர்கள். கூட்டுக்குள் மூன்று குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டிருந்தன. "செடியில கை வெச்சா நடக்கறதே வேற!" என்று நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. துக்க வீட்டில் கத்தியதற்காக நான் இன்றுவரை வருந்தவில்லை.

தங்கள் வாசலில் பந்தல் போட இடம் தந்த எதிர்வீட்டாருக்கு நன்றி. அக்காவைத் தூக்கிய தொழிற்சாலைத் தோழர்கள் நால்வருக்கும் நன்றி. கையெல்லாம் கீறியும், ஒரு கிளைகூட ஒடியாமல் பக்கவாட்டில் திரும்பி அவரை வெளியே கொண்டுவந்தார்கள்.

இன்று முதலாண்டு நினைவுக்கு உள்ளே வந்தபோது உங்களில் சிலருக்குப் புடவை முள்ளில் மாட்டியிருக்கும். மாட்டட்டும். அடுத்த முறை நீங்கள் ஒதுங்கி வாருங்கள். அது எங்கள் அக்கா வைத்த செடி.