லூ அண்ணியின் சுவர்

மீன் செதில் சீவுகிற கத்தியை வைத்துக்கொண்டு லூ அண்ணி நிலாவைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். நிலா என்றால் படம் இல்லை, சுவரில் இருக்கிற எழுத்து. எங்கள் கால்வாய்த் துறையில் படகு மாறுகிற ஆட்களில் நாலு எழுத்துப் படித்தவர்கள், ஒரு கிண்ணம் சூடான அரிசி மது உள்ளே போனதும் மை கேட்பார்கள். ஊரைப் பிரிந்த ஏக்கத்தைக் கடைச் சுவரில் கவிதையாக எழுதிவிட்டுத்தான் படகு ஏறுவார்கள். எல்லாத் துறையிலும் உள்ள வழக்கம்தான். மற்ற கடைக்காரர்கள் சுவர் நிறைந்ததும் மொத்தமாகச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். அண்ணி அப்படி அடிக்கமாட்டாள். பொறுக்கிப் பொறுக்கித்தான் அழிப்பாள்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. கடையில் உட்கார்ந்திருக்கிறவன் எவனாக இருந்தாலும் படித்துச் சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடம் போனது இரண்டு குளிர்காலம்தான், அப்புறம் தானியப் படகில் சுக்கான் பிடிக்கப் போய்விட்டேன். ஆனாலும் நிலா, மழை, காட்டு வாத்து என்கிற எழுத்துகள் தெரியும். சுவரில் அதற்கு மேல் பெரும்பாலும் வருவதில்லை.

"தம்பி, இதுல என்ன இருக்கு?"

"நிலா அண்ணி."

"போன வாரம் பட்டு வியாபாரி எழுதினதும் அதேதான். ஒரு சுவத்துக்கு எத்தனை நிலா தாங்கும்?" கத்தி இறங்கும்.

காட்டு வாத்துக் கவிதைகளுக்கு ஆயுள் கொஞ்சம் அதிகம். வானத்தில் நிஜ வாத்துகள் தெற்கே பறந்து முடிகிறவரை விட்டுவைப்பாள். கடைசிக் கூட்டம் போனதும், "அதான் போயிடுச்சுல்ல" என்று சுரண்டிவிடுவாள். மழைக் கவிதைகளைத் தொடுவதில்லை. கூரை ஒழுகி மழையே வந்து அழித்துக்கொள்ளும்.

துறையோரம் கிளைகள் தண்ணீர்வரை தொங்குகிற மரம் ஒன்று இருக்கிறது. வழியனுப்ப வருகிறவர்கள் ஒரு கிளை ஒடித்துக் கொடுப்பார்கள், போகிறவர் வாங்கிக்கொள்வார். கைக்கு எட்டுகிற உயரம்வரை அந்த மரம் மொட்டை. அண்ணி அடுப்படியிலிருந்தே சத்தம் போடுவாள்: "போறதுன்னா போய்ட்டு வாங்கய்யா, மரம் என்ன செஞ்சுது உங்களை?" கிளையை வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த எத்தனையோ பேர் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

ஆள் குள்ளம். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் கயிற்றால் கட்டியிருப்பாள். கன்னத்தில் எப்போதும் ஒரு வறுத்த மொச்சை அடங்கியிருக்கும், அதை மெல்லமாட்டாள், உருட்டுவாள். மது சூடானதா என்று பார்க்க ஜாடியைக் கழுத்தோரம் வைத்துப் பார்ப்பாள். கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பாள். வடக்கிலிருந்து படகு வரும்போது மணி அடிக்குமே, அப்போது படகுக்காரர்களின் மனைவிமார் எல்லாம் கரைக்கு ஓடுவார்கள். அண்ணி பின்கட்டுக்குப் போய்விடுவாள். அங்கே என்ன வேலை என்று கேட்டால் ஏதாவது ஒரு வேலை இருக்கும்.

அவள் புருஷன் தெங் அண்ணன் எங்களோடு தானியப் படகு இழுக்கிறவர். தோளில் கயிறு போட்டுக் கரையோரம் நடக்கிற வேலை. ஆறு மாதம் வடக்கு மதகுப் பக்கம், ஆறு மாதம் வீட்டில். நெட்டை மனுஷர், பேச்சுக் குறைவு. வீட்டில் இருக்கிற ஆறு மாதத்துக்கு அவருக்கு இரண்டே காரியம்: பின்முற்றத்துச் சுரைக்கொடியும், பக்கத்து வீட்டுச் சாயக்கார மாவோடு சண்டையும். இரண்டும் ஒன்றுதான். கொடி மதிலைத் தாண்டினால் காய் மாவின் பக்கம் தொங்கும். தொங்கினால் மா பறிப்பான். அதனால் அண்ணன் தினம் சாயங்காலம் போய்க் கொடியின் நுனியை ஒற்றை விரலால் தன் பக்கம் திருப்பிவிடுவார். குழந்தையின் முகத்தைத் திருப்புகிற மாதிரி.

இந்த வருஷம் கோடையில் அவர் எங்களிடம் ஒரு சேதி சொல்லியனுப்பினார். வடக்கு மதகுக் களஞ்சியத்தில் வாயில்காவலுக்கு ஆள் கேட்கிறார்கள். உட்கார்ந்த வேலை. தோள் தேய்ந்துபோன மனுஷருக்கு நல்ல வேலைதான். ஆனால் குளிர்காலத்திலும் அங்கேயே இருக்க வேண்டும், வீடு என்பது இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. கால்வாய் உறைவதற்கு முன்னால் பதில் சொல்லியாக வேண்டுமாம். 'அவ என்ன சொல்றான்னு கேட்டுட்டு வாங்கடா' என்று நாலு பேர் முன்னால் சொன்னார். நாலு பேர் முன்னாலேயே நான் கேட்டேன்.

அண்ணி ஏற்கெனவே தேய்த்து வைத்த பானையை எடுத்து மறுபடி தேய்த்தாள்.

மறுநாள் நான் வடக்கே கிளம்பவேண்டும். காலையில் கடைக்குப் போனபோது வெய் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். அரசாங்கப் பரீட்சைக்குப் போய்ப் போய்த் தோற்று, இப்போது கோவில் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். நல்ல மனுஷர், காலையிலேயே ஒரு கிண்ணம் வேண்டும், அவ்வளவுதான். அண்ணி அவர் முன்னால் ஜாடியை வைத்தாள். வடக்கு மதகில் இருக்கிற சாப்பாட்டுக் கடைச் சுவரில் என்னை எழுதவைக்க நாலு வரி வேண்டும் என்றாள். படகுக்காரர்கள் எல்லாரும் சாப்பிடுகிற கடை அது. சுவரில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று தினம் யாரையாவது படிக்கச்சொல்லிக் கேட்பது தெங் அண்ணனின் பழக்கம்.

எனக்கு இது வேண்டாத வேலையாகப் பட்டது. வரச்சொல்லி நானே நேரில் சொல்லிவிடுகிறேனே என்றேன்.

"நீ சொன்னா அது என் உத்தரவு ஆயிடும் தம்பி. வேலையும் போச்சு, பொண்டாட்டி காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டான்னு பேரும் வரும். அவரா நினைச்சு வரணும். இல்லையா, அவரா நினைச்சு அங்க இருக்கட்டும்."

"அப்ப வந்து சேருன்னே எழுதிடலாமா?" என்றார் வாத்தியார்.

அண்ணி முதலில் தலையாட்டினாள். அப்புறம் அவளுக்குச் சுன்னின் நினைப்பு வந்துவிட்டது. எங்கள் படகில் சுன் என்று ஒருத்தன் இருக்கிறான். அவன் பெண்டாட்டி ஒரு வருஷம் யாரையோ பிடித்து அதே சுவரில் 'சீக்கிரம் வா' என்று எழுதவைத்தாள். அன்றிலிருந்து அவன் பெயரே சீக்கிரம்வா. மதகுக் கணக்கர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். கயிறு இழுக்கும்போது பாட்டாகவே பாடுகிறார்கள். பாவம், அவன் இப்போதெல்லாம் வேண்டுமென்றே தாமதமாக வீட்டுக்குப் போகிறான்.

"வேண்டாம், வேண்டாம்" என்றாள் அண்ணி. "நாலு பேர் படிச்சா அவங்களுக்கு ஒன்னும் தெரியக்கூடாது. இவருக்கு மட்டும் தெரியணும்."

வாத்தியாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கவிதையே அதற்காகத்தானே அம்மா இருக்கிறது என்றார். நெஞ்சில் உள்ளதை நேராகச் சொல்லாமல் ஒரு மரத்திடமோ பறவையிடமோ கொடுத்துவிட வேண்டும், வாங்கிக்கொள்ள வேண்டியவர் வாங்கிக்கொள்வார் என்றார். சொல்லிவிட்டு ஒரே மூச்சில் நாலு வரி சொன்னார். ஜன்னலில் நிலா இருந்தது, குளிர்ந்த பாயில் ஒருத்தி தனியாகப் படுத்திருந்தாள், வாத்து ஒன்று வடக்கிலிருந்து கடிதம் இல்லாமல் வெறும் அலகோடு வந்தது. எனக்கு இன்னொரு தடவை கேட்கவேண்டும்போல இருந்தது, பொய் சொல்லவில்லை.

அண்ணி மொச்சையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினாள்.

"நல்லாத்தான் இருக்கு வாத்தியாரே. ஆனா நிலா எல்லார் வீட்டுக்கும்தான் வருது. எங்க வீட்டுக்காரரு அதைத் தன்னோடதுன்னு ஏன் நினைக்கணும்?"

வாத்தியார் கோபித்துக்கொள்ளவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்து யோசித்தார். அவர் வீட்டுக்கு மட்டும் வருகிறது எது, அதைச் சொல்லுங்கள் என்றார்.

அண்ணி பின்கதவுப் பக்கம் திரும்பினாள். அடுப்பில் பொங்கியதை நான்தான் இறக்கிவைத்தேன்.

"சுரைக்கொடி மதிலைத் தாண்டிடுச்சுன்னு எழுதுங்க."

வாத்தியார் விரல்களை மடக்கிமடக்கி அசை எண்ணினார். இரண்டு தடவை மாற்றினார். கடைசி வரியில் அவராகப் பனியைச் சேர்த்தார். பனி எதற்கு, நான் சொல்லவே இல்லையே என்று அண்ணி மல்லுக்கு நின்றாள். "சீக்கிரம்னு சொல்லக்கூடாதுன்னீங்களே, அதுக்குத்தான் பனி" என்றார் அவர். அண்ணி அவர் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினாள். எனக்கு மனப்பாடம் ஆகிறவரை இரண்டு பேருமாகச் சேர்ந்து உயிரை வாங்கினார்கள்.

மதிலேறிய சுரைக்கொடி
அடுத்த முற்றத்தில் பூத்தது.
திருப்பிவிட விரல் இல்லை;
வெண்பனி விழத் தொடங்கிவிட்டது.

வடக்கு மதகு போய்ச் சேர்ந்த அன்று, கடையில் கூட்டம் சேருமுன் கரித்துண்டால் சுவரில் எழுதினேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதுவும் நல்லதற்குத்தான், யார் எழுதினது என்று ஒருவனும் சந்தேகப்படவில்லை. சாயங்காலம் படகுக்காரர்கள் வந்தார்கள். எவனோ தோட்டக்காரன் சம்பளம் வராத கடுப்பில் எழுதியிருக்கிறான் என்றான் ஒருத்தன். சீக்கிரம்வா மட்டும் இரண்டாம் தடவை படித்தான்.

தெங் அண்ணன் நூடுல்ஸ் கிண்ணத்தோடு உட்கார்ந்து வழக்கம்போல என்ன புதுசு என்று கேட்டார். சீக்கிரம்வா படித்தான். அண்ணன் உறிஞ்சுவதை நிறுத்தினார்.

"எந்த முத்தத்துல பூத்துதுன்னு போட்டிருக்கு?"

"அடுத்த முத்தத்துல."

"நல்லாப் பாருடா."

"அடுத்த முத்தம்தான் அண்ணே. இந்தா, இதான் எழுத்து."

மிச்சத்தை அவர் சாப்பிடவில்லை. வெளியே போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். "அந்த மா இருக்கானே" என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. கழுத்து நரம்பு எழும்பி இறங்கியது. கோபம் மட்டும்தான் என்றால் நரம்பு அப்படி இறங்காது. மறுநாள் காலையில் களஞ்சியத்துக்குப் போய், காவல் வேலை வேண்டாம், வடக்குத் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.

தெற்கே வருகிற கடைசிப் படகுகளில் எங்களோடு வந்தார். துறை நெருங்கியது. மணி அடித்தது, மனைவிமார் கரைக்கு ஓடிவந்தார்கள், அண்ணி வரவில்லை. அண்ணன் மூட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு, கடைக்குள் நுழைந்து அடுப்பைத் தாண்டி நேராகப் பின்முற்றத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன். மதிலின் அந்தப் பக்கம், காய்கிற நீலத் துணிகளுக்கு நடுவே, வரிசையாகச் சுரைக்காய் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணி மதிலோரம் முக்காலியில் ஏறி நின்று கொடியில் பழுத்த இலை கிள்ளிக்கொண்டிருந்தாள். புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

அண்ணன் மதிலுக்கு மேலே தலையை நீட்டி மாவைக் கூப்பிட்டார். ஆறு மாதம் சேர்த்துவைத்ததை எல்லாம் கொட்டினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மா முழங்கைவரை நீலச் சாயத்தோடு வந்து நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சுதா?" என்றான். "யோவ் நெட்டை, ஆடி முழுக்க உன் கொடி உன் பக்கம்தான்யா இருந்துது. நீ ஊர்ல இல்லாத எல்லா வருஷமும் உன் பொண்டாட்டிதான் தினம் சாயங்காலம் இதே முக்காலிய போட்டு ஏறித் திருப்பி விடுறா. இந்த வருஷம்தான் ஒருநாள் காலைல, உன் பின்னால நிக்கிற இவன் படகு கிளம்பின கையோட, அவளே நுனிய எடுத்து என் துணிக்கம்புல சுத்தி வச்சா. ஏம்மான்னு கேட்டேன். கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்ணேன்னு சொன்னா. நீ என்னைத் திட்டுற."

அண்ணன் அண்ணியின் பக்கம் திரும்பினார். அவள் இலை கிள்ளுவதை நிறுத்தவில்லை. கிள்ளி முடித்து, மதிலில் வயிற்றைப் பதித்து எட்டி, இருந்ததிலேயே பெரிய காயைத் திருகிப் பறித்தாள். அதை இரண்டு கையாலும் ஏந்தி மாவிடம் கொடுத்தாள்.