மூடியில் ஒட்டிய தூள்

ஆய்வுக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. உறைபெட்டிகளின் சாவி அவளிடம் இருந்ததால் ஐஸ் அக்கா. பத்தொன்பது வருஷமாக மைனஸ் எண்பது டிகிரியில் கைவிட்டு எடுத்ததில் விரல் நுனிகள் மரத்தே போயிருந்தன. "உன் கையப் பிடிச்சா போட வந்த சண்டைகூட ஆறிடுது" என்பான் பஸ் ஓட்டும் புருஷன்.

அவளுக்கென்று ஒரு முறை உண்டு. சின்னக் குப்பிகளின் அடியில் எண் ஒட்டி, தலைகீழாக அடுக்கிவைப்பாள். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துச் சூடேற்ற வேண்டாம், பார்த்ததும் எடுத்துவிடலாம். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று காலை எலும்பு ஆராய்ச்சி டாக்டர் கடைசிக் குப்பியை வாங்கிப் போனார். உள்ளே இருந்தது, எலும்பை அரிக்கும் செல்களை உருவாகச் சொல்லும் புரதம். மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தித் தயாரித்து, உலர்த்தி, மைக்ரோகிராம் கணக்கில் அனுப்புவார்கள். அடுத்தது வர ஆறு வாரம். தட்டில் காத்திருக்கும் இளம் செல்களுக்கு மதியத்துக்குள் அது போய்ச் சேராவிட்டால் மூன்று மாத உழைப்பு குப்பைக்கு.

கால் மணி நேரத்தில் இன்டர்காம் ஒலித்தது. "அக்கா, கொஞ்சம் மேல வாங்க."

கண்ணாடித் தடுப்பு போட்ட வேலைமேடை முன்னால் டாக்டர் கையுறையோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, வெறும் குப்பியக் குடுத்திருக்கீங்க?"

"நல்லாப் பாருங்க டாக்டர். அடியில லேசா படலம் மாதிரிதான் இருக்கும்."

"எனக்கு இது முதல் குப்பியா? ஒண்ணுமே இல்ல. இயக்குநருக்கு எழுதத்தான் போறேன். உங்க பேரும் வரும், சொல்லிட்டேன்."

அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காகிதம் இந்த மாதக் கடைசியில்தான் இயக்குநர் மேசைக்குப் போகிறது.

"தொறக்கறதுக்கு முன்னாடி மெஷின்ல போட்டுச் சுத்தி, தூள அடியில இறக்கினீங்களா?"

"அவசரத்துல விட்டுட்டேன். அது எப்பவும் அடியிலதானே இருக்கும்?"

எப்பவும் அடியில். அவளுக்குச் சுருக்கென்றது. நாலு மாதமாகக் குப்பி தலைகீழாக நின்றிருக்கிறது. அடியை விட்டுக் கழன்ற தூள் வேறு எங்கே போயிருக்கும்? வாயை மூடிக்கொண்டால் சுற்றாமல் திறந்தவர் தலையில் பழி விழும். அவள் பாதி தப்பிக்கலாம். ஆனால் மேடைக்குள் தட்டில் மல்லாந்து கிடந்த மூடியைக் குப்பைப் பையில் தள்ள அவர் கை நீண்டுவிட்டது.

"அந்த மூடியத் தொடாதீங்க டாக்டர். தூள் அதுலதான் இருக்கும். நான்தான் குப்பியத் தலைகீழா வெச்சேன். எல்லாத்தையும் அப்படித்தான் வெச்சிருக்கேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். "எத்தன வருஷமா?"

"ஏழு."

"கேட்டிருக்கவே வேணாம் போல."

மூடியைப் பதமாக எடுத்துக் குப்பியில் திருகினார். இயந்திரத்தில் ஒரு நிமிஷம் சுற்றினார். பிறகு திரவம் விட்டு, குலுக்காமல், விரல்களுக்கிடையில் உருட்டினார். செல்களுக்கு அது போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றே முக்கால்.

"தூள் இருந்துச்சான்னு அஞ்சு நாள்லதான் தெரியும்."

அந்த அஞ்சு நாளும் உறைபெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, குப்பிகளை நிமிர்த்தி, மூடியின் மேல் புது எண் ஒட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆறாம் நாள் காலை அவர் நுண்ணோக்கியைக் காட்டினார். பரந்து கிடந்தது ஒரு பெரிய செல்.

"உள்ள எத்தன கரு இருக்கு, எண்ணுங்க."

"ஏழு. இல்ல, ஒன்பது."

"மூணு இருந்தாலே அது எலும்ப அரிக்கற செல்லுதான். தூள் இருந்திருக்கு."

அவள் கண்ணை எடுக்காமலே கேட்டாள். "இயக்குநருக்கு எழுதினீங்களா?"

"எழுதி அனுப்பிட்டேன். சுத்தாம தொறந்தது நான், தலைகீழா வெச்சது நீங்க, மூடியக் காப்பாத்தினதும் நீங்க."

"எதை மொதல்ல எழுதினீங்க?"

"என் தப்ப."

அவள் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். இன்னும் நாற்பது குப்பி தலைகீழாக நின்றிருந்தது.