லென்சைக் கண்டால் நிற்கிற ஊர்

செம்மண்டலத்தில் எங்கள் ஸ்டுடியோவைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம். போட்டோ இம்தியாஸ், வீடியோ செந்தமிழ்செல்வனாகிய நான். "அசையாம நில்லுங்க, இங்க பாருங்க, லேசா சிரிங்க" என்று சொல்லிச் சொல்லியே கடலூரில் பாதிப் பேரைப் பழக்கி வைத்திருக்கிறான் இம்தியாஸ். அந்தப் பழக்கம் கடைசியில் அவன் தலையிலேயே விடிந்தது.

அவன் மகள் ஷாசியா பிளஸ் டூ படிக்கிறாள். இருநூறு மீட்டர் ஓட்டத்தில் கில்லாடி. ஊரார் பிள்ளைகளையெல்லாம் அழகழகாக எடுத்த இவனிடம், சொந்த மகள் ஓடுகிற படம் உருப்படியாக ஒன்றுகூட இல்லை. எல்லாம் கலங்கல். சிதம்பரத்தில் சனிக்கிழமை நடக்கவிருந்த போட்டிதான் பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கடைசி. இந்தத் தடவையாவது தெளிவாக ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று தவித்தான். கல்யாண வேலைக்கு நடுவிலும் அதையே சொல்லிக்கொண்டிருப்பான். எனக்குப் பாவமாக இருக்கும்.

அந்த நேரம் பார்த்து அவன் மச்சினன் ஹுமாயூன் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தான். கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு டெலிபோட்டோ லென்ஸ். ஓடுகிற ஆளை விடாமல் துரத்தி, தானாகவே ஃபோகஸ் பிடிக்குமாம்.

"டெஸ்ட் பண்ணிப் பாருங்க மச்சான். சரியில்லன்னா திரும்பிப் போறப்ப எடுத்துக்கினு போயிடறேன்" என்றான்.

முதலில் டவுன் பஸ்சைக் குறிவைத்து ரோட்டோரம் நின்றோம். டிரைவர் ஆரோக்கியராஜின் கல்யாணத்துக்கு நாங்கள்தான் படம் எடுத்தோம். மனுஷன் லென்சைப் பார்த்ததும் பிரேக்கைப் போட்டார். தலையை வெளியே நீட்டி மீசையை நீவிக்கொண்டார்.

"எடுத்துட்டியா பாய்? ஒண்ணு வாட்ஸ்அப்ல போட்டு வுடு."

"யோவ், உன்ன யாருய்யா நிக்கச் சொன்னது? வேகமாப் போய்யா" என்று இம்தியாஸ் கத்தினான்.

"அன்னிக்கு அசையாம நில்லுன்ன. இன்னிக்கு போங்கற. ஒரு முடிவுக்கு வா" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

அடுத்து கபடி மைதானம். பாடிக்கொண்டு போன பையன் எங்களைப் பார்த்து, எதிராளிகள் நடுவிலேயே இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டான். அப்படியே அமுக்கிவிட்டார்கள். அவன் அணிக்காரர்கள் எங்களைத் துரத்தியதுதான் மிச்சம்.

"கொக்குக்கு நீ யாருன்னு தெரியாது, வா" என்று கீரப்பாளையம் வயலுக்கு அழைத்துப் போனேன். பாழாய்ப்போன கொக்குகள் மதியம் வரை ஒற்றைக்காலில் நின்றன. கை தட்டினேன். ஒன்று மட்டும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது.

"இதுங்களுக்கும் நீதான் ஆல்பம் போட்டியா மச்சான்?" என்றேன். முறைத்தான்.

கேமராவுக்கு நிற்காத ஜீவன் இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான். அவன் பெண்டாட்டி ருக்கையா. கேமராவைத் தூக்கினால் அடுத்த அறைக்கு ஓடிவிடுவாள். அவர்கள் கல்யாண ஆல்பத்திலேயே அவள் முகம் பாதிதான் இருக்கும்.

"பேசாம என் தங்கச்சிய வச்சு டெஸ்ட் பண்ணு" என்றேன், அவன் வீட்டுக்குத் திரும்பியதும்.

"அண்ணே, அந்தக் கொழா என் பக்கம் திரும்புச்சு, ரெண்டு பேருக்கும் டீ கெடையாது" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

கடைசியில் டெஸ்ட் பண்ணாத லென்சோடுதான் சிதம்பரம் போனோம். எல்லைக்கோட்டுக்குப் பின்னால் இம்தியாஸ் குத்தவைத்து உட்கார்ந்தான். நான் அவனுக்கு வெயில் படாமல் குடை பிடித்தேன். ருக்கையா பக்கவாட்டில், கயிற்றுக்கு வெளியே நின்றாள்.

விசில் ஊதினார்கள். வளைவு திரும்பும்போதே ஷாசியாதான் முதலில் வந்தாள். கேமராவில் பச்சைக் கட்டம் அவள் முகத்தில் உட்கார்ந்தது. பிறகு அசையவே இல்லை.

"புடிச்சிடுச்சு மச்சான், புடிச்சிடுச்சு" என்று முணுமுணுத்தான்.

அப்போதுதான் லென்ஸ் அவள் கண்ணில் பட்டது. ஐயோ, அவள் கை முடியை ஒதுக்கப் போனது. உதடு சிரிப்புக்கு விரிந்தது. கால் தளர்ந்தது. பின்னால் வந்த பெண் தோளுக்கு நெருங்கிவிட்டாள். நடை பழகிய நாளிலிருந்து "வாப்பாவப் பாரு, அசையாத" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை வேறென்ன செய்யும்?

இம்தியாஸ் லென்சை வெடுக்கென்று பக்கவாட்டில் திருப்பினான். கேமராவிலிருந்து முகத்தை எடுத்து, "பாக்காத, ஓடும்மா" என்று தொண்டை கிழியக் கத்தினான். ஷாசியா திடுக்கிட்டு மறுபடி வேகமெடுத்தாள். நெஞ்சளவு முந்தி ஜெயித்தாள்.

மூச்சு வாங்க ஓடிவந்து, "வாப்பா, எடுத்தீங்களா?" என்றாள்.

அவன் கண் கலங்கியிருந்தது. "இல்லம்மா. நீ ஜெயிச்சத கண்ணால பாத்துட்டேன். எனக்கு அது போதும்."

"போங்க வாப்பா" என்று சிணுங்கிவிட்டு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

நான் சும்மா கேமராவை வாங்கி, உள்ளே இருந்த படங்களை உருட்டிப் பார்த்தேன். லென்சைத் திருப்பிய அவசரத்தில் அவன் விரல் பட்டனை அமுக்கிப் பிடித்துவிட்டிருக்கிறது. வானம், கயிறு, அப்புறம் ருக்கையா. ஒரு கையில் செருப்பு, மறு கையில் தூக்கிப் பிடித்த புர்கா, மகள் பெயரைக் கத்துகிற வாய். கயிற்றோரமாகவே மகளோடு ஓடியிருக்கிறாள். கால் இரண்டும் தரையில் இல்லை. கண் இமை முடிகூட எண்ணலாம், அத்தனை தெளிவு.

ருக்கையா கேமராவைப் பிடுங்கினாள். அழிக்கப்போகிறாள் என்று இம்தியாஸ் பதறினான். அவளோ பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, நானா இவ்ளோ வேகமா ஓடுறேன்?"

"லென்சுக்கே மூச்சு வாங்கிடுச்சு தங்கச்சி" என்றேன்.

அங்கிருந்தே ஹுமாயூனுக்குப் போன் போட்டாள். "தம்பி, அந்தக் கொழாவ எடுத்துக்கினு போவாத. இங்கயே இருக்கட்டும். இனிமே நான் ஓடல."

இம்தியாஸ் உடனே கேமராவைத் தூக்கினான். ருக்கையா நின்றாள். ஷாசியாவையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.