பிப்ரவரியில் பெய்த நவம்பர் மழை

போன முறை வட்டாரக் கல்வி அலுவலர் வந்தபோது என் ஐந்தாம் வகுப்பைப் பார்த்து, "பட்டை வரைபடம் யாருக்குப்பா போடத் தெரியும்?" என்று கேட்டார். ஒரு கைகூட எழவில்லை. "ஏம்மா, நீங்க நடத்தவே இல்லையா?" என்று தலைமையாசிரியை முன்னாலேயே என்னைக் கேட்டார். நடத்தியிருந்தேன். அதுதான் எரிச்சல். அடுத்த முறை அவர் வாயாலேயே 'நல்லா இருக்குது' என்று சொல்ல வைக்காவிட்டால், வேலையை விட்டுவிட்டு வாலாஜாபாத் பக்கம் எங்கள் வீட்டு மாட்டை மேய்க்கப் போவதென்று முடிவு செய்தேன். கோபத்தில் நான் எடுக்கும் முடிவுகள் இந்த ரகம்தான்.

மறுபடி வருகிறார் என்று தகவல் வந்ததும், காஞ்சிபுரத்தின் மாதவாரி மழையளவை எழுதிப்போட்டுப் பெரிய கட்டத்தாளை விரித்தேன். நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி துள்ளி எழுந்தாள்.

"டீச்சர், இது எங்க வூட்ல இருக்குது! பொடவை பார்டர் டிசைன இதுலதான் போடுவாங்க. ஒரு கட்டம் தப்புனாலும் அப்பா கத்துவாரு."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பாதிப் பாடத்தை அவள் அப்பாவே நடத்தி முடித்திருக்கிறாரே!

ஜூலை முதல் டிசம்பர் வரை, தாளின் வலது பாதியை, வகுப்பே கூடி வரைந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது. ஜனவரி முதல் ஜூன் வரை பாக்கி. பட்டியலை அவள் கையில் கொடுத்து, "மீதிய வூட்ல முடிச்சுக்கினு வாமா" என்றேன்.

மறுநாள் அவள் தாளோடு வந்தபோது அலுவலரின் வண்டியும் வாசலில் நின்றது. அரக்கு நிறப் பட்டைகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஜரிகை மாதிரி மஞ்சள் கோடு. என்ன அழகு என்று மட்டும் பார்த்துவிட்டுச் சுவரில் ஒட்டினேன்.

அலுவலர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பிப்ரவரியில இவ்ளோ மழையாம்மா?"

அப்போதுதான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். பிப்ரவரிப் பட்டை நவம்பர் உயரத்துக்கு நின்றது. ஜனவரி அப்படியே டிசம்பர். இரண்டு ஓரமும் உயரம், நடுவில் தாழ்வு. பிப்ரவரியில் நவம்பர் மழை பெய்தால் எங்கள் வீட்டு நெல் களத்திலேயே முளைத்துவிடும். மாடு கண்முன்னே வந்து நின்றது.

"என்னமா இது?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் பயப்படவே இல்லை. "அந்தப் பக்கம் என்ன இருக்குதோ அதான டீச்சர் இந்தப் பக்கமும் வரணும்? எங்க வூட்டுப் பொடவைல ரெண்டு பக்கமும் ஒரே பார்டர்தான். நடுவுல ஒடம்பு."

"பட்டியல் குடுத்தேனே!"

"பாத்தேன் டீச்சர். அது பார்டருக்கு ஒத்து வர்ல."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அலுவலர் தாளைப் பிரித்தெடுத்துச் சரிபாதியாக மடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒரு கட்டம் பிசகல. மழைதான் பொய்" என்றவர், வேறொரு கட்டத்தாளை அவளிடம் நீட்டினார். "பட்டியல்ல இருக்கிறத மட்டும் போடு பாக்கலாம்."

"ஒரு பக்கம்தானா சார்?" உப்பில்லாத சோற்றைத் தின்னச் சொன்னது போல அவள் முகம் போயிற்று.

ஆனாலும் உட்கார்ந்து போட்டாள். ஜனவரி கொஞ்சம், பிப்ரவரி பேருக்கு, மார்ச் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும். ஜூன் வரை வந்து, வலது பாதியையும் முடித்தாள். அலுவலர் பட்டியலோடு ஒவ்வொரு பட்டையாக ஒப்பிட்டுப் பார்த்தார்.

"நல்லா இருக்குது" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவளோ வலப்பக்கம் மட்டும் ஓங்கி நின்ற அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முந்தானையை இழுத்து, அலுவலர் காதில் விழாமல் சொன்னாள்.

"யாரும் வாங்க மாட்டாங்க டீச்சர்."